ஐந்தடிக் குளியலறைக்கு மாபிள் ஒட்டிய கதை

சுவரில் மாபிள் ஒட்டுவது மேசன் தொழிலில் இலேசான வேலை. எந்த மாபிள் எங்கே வரவேண்டும் என்று வீட்டுக்காரர் முடிவெடுக்கும்வரை பொறுமையாக இருப்பதுதான் கஷ்டம். வீடு கட்டி நொந்தவர்களுக்கும், கட்டிக் கொடுத்து நொந்தவர்களுக்கும் இதில் ஒன்றும் புதினம் இராது. கடைக்காரர் ரைல்ஸ் என்று சொல்லும் பளபளத்த சதுரத் துண்டுகளுக்கு எங்கள் பக்கத்தில் மாபிள் என்றுதான் பெயர். எழுபதுகளின் கடைசியில் சுருவில் என்ற தீவுக் கிராமத்தில் ஒரு வீட்டில் அவற்றோடு நான் பட்ட பாடு இது.

இல்லாத அறை

தம்பையா அண்ணை கொழும்பில் சாப்பாட்டுக்கடை நடத்திவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். மகள் வசந்திக்குக் காரைநகரில் சம்பந்தம் பேசி எல்லாம் பொருந்தி வந்த நேரம், மாப்பிள்ளையின் தாய், "வீட்டுக்குள்ள குளிக்க வசதி இருக்கோ?" என்று கேட்டிருக்கிறா. அண்ணை மூச்சு விடாமல், "ஓம், மாபிள் போட்ட பாத்றூம்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் இருந்ததோ வெங்காயப் பிடி கட்டித் தொங்கவிடும் ஒரு சின்ன அறை. நீளம் ஐந்தடியும் கொஞ்சமும், அகலம் நாலடியும் கொஞ்சமும். உள்ளே ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே நின்றுதான் கதைக்கவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருமுன் அது பாத்றூமாகிவிடவேண்டும் என்று அண்ணை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். சொன்னது பொய்தானே என்று மெல்லக் கேட்டேன்.

"பொய்யெண்டு ஆர் சொன்னது, மேசன்? கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டன், அவ்வளவுதான்."

வெட்டுத் துண்டு

சுவரின் நடுவில் கோடு போட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் முழு மாபிளாக வைத்துக்கொண்டு போய், மூலைகளில் மிஞ்சும் இடத்துக்கு ஒரே அளவாக வெட்டி ஒட்டுவதுதான் முறை. அப்போதுதான் பார்வைக்குச் சரியாக இருக்கும். ஒட்டுமுன் முற்றத்தில் பரப்பிக் காட்டினேன். அண்ணை வந்து வெட்டுத் துண்டு கதவுப் பக்கம் வரக்கூடாது என்று மாற்றி அடுக்கினார். அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் அவருடைய மனுசி மனோன்மணி அக்கா வந்து, பைப் பக்கமும் வரக்கூடாது என்று திருப்பி அடுக்கினா. நடுவில் ஒரு கோழி நடந்து போனது. அதுதான் எதையும் மாற்றாமல் போன ஒரே ஆள்.

வெட்டுத் துண்டைக் கண்டால் மலிவாக மிச்சம்மீதி வாங்கி ஒட்டியதென்று மாப்பிள்ளை வீட்டார் நினைப்பார்களாம். அறையின் அளவு அப்படி, அந்தக் "கொஞ்சம்" எங்காவது வந்துதான் தீரும் என்று விளங்கப்படுத்தினேன். அண்ணை சுவரை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மாபிளை ஏன் காணும் வெட்டுறீர்? சுவரைச் செதுக்கும்."

எவ்வளவு உயரம்

மாபிள் கொழும்பிலிருந்து ரெயிலில் வந்தது. குறைந்தால் ஓடிப்போய் வாங்க ஏலாது. அதனால் எவ்வளவு உயரத்துக்கு ஒட்டுவதென்று முதலே முடிவெடுக்கவேண்டும். தண்ணி தெறிக்கும் உயரம் வரைக்கும் போதும் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்ப குளிச்சுப் பார்ப்பம்" என்று அண்ணை சாரத்தோடு உள்ளே இறங்கினார். ஒரு வாளி தண்ணி முடியுமுன் நாலு சுவரும் நனைந்து, கூரை மரம் நனைந்து, வாசலில் அளவுகோலோடு நின்ற நானும் நனைந்தேன். கோட்டை எங்கே போடுவதென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல்தான் வந்தது.

"அவர் குளிக்கிறேல்லைத் தம்பி, தோட்டத்துக்கு இறைக்கிறார்."

அன்னம்

நாலு மாபிளைச் சேர்த்து வைத்தால் ஒரு அன்னம் வரும்படி ஒரு படமும் வாங்கியிருந்தார் அண்ணை. கதவைத் திறந்ததும் கண்ணில் படவேண்டும் என்று அதற்கு மட்டும் தனியாக இடம் குறித்தோம். பெட்டியைப் பிரித்தால் தலை வரும் மாபிள் நொறுங்கிக் கிடந்தது. படமே வேண்டாம் என்றேன். அண்ணை கேட்கவில்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை மாபிள் வந்தது. கழுத்து பாதியில் நின்றது.

அண்ணை அதன் முன்னால் செத்தவீட்டில் நிற்பதுபோல நின்றார். அதுவரை இந்த விஷயத்தில் ஒரு சொல்லும் சொல்லாத வசந்தி, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்தவள், எட்டிப் பார்த்தாள்.

"விடுங்கோ ஐயா. வாறவைக்குத் தலையில்லாத பொம்பிளைதானே வேணும், அன்னத்துக்கு மட்டும் என்னத்துக்குத் தலை?"

பைப்

பைப் வரும் இடம் ஒரு முழு மாபிளின் நடுவில் விழுந்தது. துளை போட்டால் வெடிக்கலாம், வேறு மாபிள் இல்லை என்று சொன்னேன். அன்னத்தை இழந்த அண்ணைக்கு இன்னொன்றை இழக்க மனமில்லை. "மூடி ஒட்டும், தண்ணியைப் பேந்து பார்ப்பம்" என்றார். மூடி ஒட்டினேன்.

நான் கடைசித் துண்டைத் துடைத்துக்கொண்டு நின்றபோதே மாப்பிள்ளை வீட்டார் வள்ளத்தில் வந்தார்கள். உப்புக்காற்றில் பிசுபிசுத்த முகத்தைக் கழுவவேண்டும் என்று மாப்பிள்ளையின் தாய் நேரே பாத்றூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினா. விறாந்தையில் நின்ற எங்களுக்கு உள்ளே சுவரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தா.

"மாபிள் நல்ல வடிவு. தண்ணியை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

கிணற்றடி

அண்ணை அடுத்த பொய்க்கு வாயைத் திறந்தார். அதற்குள் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்த வசந்தி அதை மேசையில் வைத்தாள். "மாமி, போன மாதம் வரைக்கும் அது வெங்காய அறை. நீங்கள் கேட்டதாலதான் ஐயா கட்டினவர். நாங்கள் குளிக்கிறது கிணத்தடியில."

சம்பந்தம் முறிந்தது என்று நினைத்து, புறப்படுவோமென்று நான் என் சாந்தகப்பையைத் தேடினேன். மாப்பிள்ளை கதிரையை விட்டு எழும்பினார். தாய் அவரைப் பார்த்தா, அவர் வசந்தியைப் பார்த்தார். "கொழும்பில அறைக்குள்ள குளிச்சு அலுத்துப்போனன். ஒரு துவாய் தாங்கோ" என்று கிணற்றடிக்குப் போனார். கொஞ்சம் பொறுத்துத் தாயும் பின்னால் போனா. ஆவணியில் கலியாணம் நடந்தது.

கலியாணம் முடிந்து, பைப்புக்குத் துளை போட்டுத் தருவோம் என்று ஆயுதங்களோடு போனேன். மனோன்மணி அக்கா வாசலில் மறித்தா.

"குளிச்சு ஊத்தையாக்கவோ தம்பி இவ்வளவு பாடுபட்டு மாபிள் ஒட்டினது?"

நான் மாபிள் ஒட்டிய குளியலறைகளில் ஒருவரும் குளிக்காதது அது ஒன்றுதான். அதனாலோ என்னவோ, அங்கே மட்டும் இன்றுவரை ஒரு துண்டும் கழலவில்லை.