எடை கூடிய குழந்தை

எங்கள் சேவைச் சங்கத்தில் எனக்குத் தராசுப் பொறுப்பு. வங்கியில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு, எண்ணைப் பார்த்து எழுதுகிற வேலை சரியாக வரும் என்று கொடுத்தார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்கேகோட்டையிலிருந்து நகரத்து ஓரத்திலிருக்கும் கழக்கூட்டத்துக்கு வேனில் போவோம். அடுக்குமாடி கட்ட வந்த தென்காசிப் பக்கத்து ஆட்கள் அங்கே தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளை நிறுத்துப் பார்த்து, எடை குறைந்தவர்களுக்குச் சத்துமாவு கொடுப்போம்.

எடை தேறிய குழந்தையின் தலையில் காகிதக் கிரீடம் வைத்து, எல்லாரும் கைதட்டி, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். மாவு அடுத்த பிள்ளைக்குப் போகும். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் தராசு சொன்னதுதான் தீர்ப்பு.

மூன்று வயசுப் பெண் குழந்தை ஒன்று, எவ்வளவு தின்றாலும் தேறவே இல்லை. வந்தால் என் மடியைவிட்டு இறங்காது. ஒரு ஞாயிறு அதைத் தராசில் நிறுத்தினால், ஒரே மாதத்தில் இரண்டு கிலோ கூடியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத் தலைவர் மலையாளி. "மிடுக்கி! அடிபொளி!" என்று அவர் பாஷையில் மெச்சி, குழந்தையைத் தூக்கிச் சுற்றினார்.

அதன் அம்மா அங்கே சித்தாள் வேலை பார்த்தாள். அவள் மட்டும் கைதட்டவில்லை.

"காலைல எந்திரிக்கும்போது மூஞ்சி வீங்கின மாதிரி இருக்கு மேடம். ஒண்ணுக்கும் சரியாப் போக மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா?"

"வீக்கமாவது ஒண்ணாவது! இப்பத்தான் நாலு சதை பிடிச்சிருக்கு. பெத்தவ கண்ணே பட்டுடப் போறது. போய் சுத்திப் போடு," என்றேன்.

அவளும் சிரித்துவிட்டாள். கிரீடத்தை நானே வைத்தேன். குழந்தையின் கொலுசு காலில் அழுந்திப் பதிந்திருந்தது. அதையும் கொழுகொழுவென்று ஆகிவிட்டதாகத்தான் எடுத்துக்கொண்டேன். படித்தவள் என்ற திமிர். இன்று நினைத்தாலும் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

அடுத்த மாதம் போனபோது குழந்தை இல்லை. செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. சிறுநீரகக் கோளாறாம். கூடியது சதை இல்லை, உடம்பில் தங்கிய நீர். மூச்சு முட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

அதன் அம்மா மணல் சலித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"முன்னாடியே ஏன் கூட்டிண்டு போகலை?"

சல்லடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கொஞ்சம்கூடக் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"நல்லாயிடுச்சுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க. மூஞ்சி வீங்கும்போதெல்லாம் தவறாம சுத்திப் போட்டேன்."