பிஸ்கட் டின்னில் போன கேமரா

பள்ளிக்கூடத்து மிஸ் தம்முடைய பெட்டிக் கேமராவை விடுமுறைக்கு என்னிடம் கொடுத்தபோது, அதைத் தொடும் தகுதி எங்கள் வீட்டில் எனக்கு மட்டுமே உண்டு என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான்தான். அக்காவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அடுத்த வாரம் நாகப்பட்டினம் போகும் கப்பலில் ஏறப்போகிறாள். அவளை யாரும் படம் எடுத்ததே இல்லை. போவதற்குள் அவள் முகத்தை ஒரு படத்திலாவது பிடித்து வைத்துவிட வேண்டும் என்பதே என் ஆசை.

அப்பாவுக்கு இங்கே மலாயாவில் ரயில் பட்டறையில் வேலை. ரயில் பாஸ் இருந்ததால் நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானைத் தாண்டித் துறைமுகம் வரை எங்களுக்குச் செலவில்லை. அங்கே சித்தப்பா வீட்டில் தங்கிப் படகில் சுற்றிவர ஏற்பாடு.

உப்புத் தண்ணீரும் மணலும் படக்கூடாது, முன்கண்ணாடியைத் தொடவே கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார். ஒரு பிஸ்கட் டின்னைக் கழுவிக் காயவைத்தேன். ஈரத்தை இழுக்க வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து அடியில் போட்டேன். கேமராவைப் பழைய பாவாடைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தேன். கிளம்பும் நாள் காலையில் டின் சாமி படங்களுக்கு முன்னால் இருந்தது. மூடியில் சந்தனப் பொட்டு. புதிதாக எந்தக் கருவி வந்தாலும் அப்பா பொட்டு வைக்காமல் எடுக்கமாட்டார். டின்னுக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

படகுக்காரர் ஒரு மலாய்க்காரர். கரையோரச் சேற்றில் நின்ற கண்டல் மரங்களை ஒட்டியே படகை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார். வெயிலுக்கு முதுகைக் காட்டி, கேமராவை நெஞ்சோடு பிடித்து, மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்து அக்காவை எடுத்தேன்.

"சிரிக்காம இரு. ஆடினா படம் கெட்டுப்போயிடும்."

"படகுதான் ஆடுது. அத மொதல்ல திட்டு."

ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கேமரா டின்னுக்குள் போகும். இவள் நம்மைக் கூட்டிவந்தாளா, டின்னைக் கூட்டிவந்தாளா என்று அப்பா அம்மாவிடம் கேட்டார்.

பிலிமில் கடைசிப் படம் மிச்சமிருந்தது. என்னை யாரும் எடுக்கவில்லையே என்று, அதில் என்னைத் தானே எடுப்பதாக அக்கா பிடிவாதம் பிடித்தாள். எப்படி அமுக்குவது என்று காட்டிக் கொடுத்தேன். அந்த நேரம் பெரிய படகு ஒன்று கடந்து போக, அலை எழும்பி எங்கள்மேல் தெறித்தது. நான் கை நீட்டுவதற்குள் அவள் முந்தானையால் கேமராவின் முன்கண்ணாடியை அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல? இனி ஒரு படமும் வராது."

"முந்தானையெல்லாம் மஞ்சளா ஆயிடுச்சு. ஒன் கேமராவுக்கு மஞ்சக்காமாலைடி," என்று சொல்லிக்கொண்டே அமுக்கினாள்.

அந்த மஞ்சள் என்னவென்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

அக்கா கப்பல் ஏறிய பிறகுதான் படங்கள் கழுவி வந்தன. அவளை எடுத்தவையெல்லாம் பனிக்குள் எடுத்தவைபோல இருந்தன. கடைசிப் படம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதில் நான் டின்னை அணைத்துக்கொண்டு முறைக்கிறேன். முன்கண்ணாடியில் ஏதாவது பூசியிருந்ததா என்று படம் கழுவிய சீனக் கடைக்காரர் கேட்டார். எனக்கு உடனே அந்த முந்தானை நினைவுக்கு வந்தது.

வீட்டில் அப்பாவைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"அதோட கண்ணு அதுதானே ஆயி? கண்ணுக்குப் பொட்டு வைக்காம டின்னுக்கு மட்டும் வச்சா எப்படி?"

பிறகு படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல எம்பொண்ணு எங்க இருக்கா?" என்றார். விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெளிவான படத்தை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். என் முறைப்புத்தான் அங்கே அவளுக்குத் துணை. பனிப்படங்கள் என்னிடம் இருக்கின்றன. ஒரு படத்தில் படகு விளிம்பைப் பிடித்த அவள் கை கொஞ்சம் தெரிகிறது. முகம் தெரியவில்லை. ஆனாலும் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சிரிக்காதே என்று சொன்னவள் நான்தானே.