நான்கு பட்டினிப் பாத்திகள்

விவசாய ஆராய்ச்சியில் பயிரை வளர்ப்பது சுலபம், வளரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள். சிரிக்காமல் ஒரு பெருமூச்சு விட்டவர்கள் நம்ம ஆட்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் உத்திரமேரூர் பக்கம் ஒரு நெல் ஆராய்ச்சித் திட்டத்தில் எனக்குக் களப்பணியாளர் உத்தியோகம். டெம்பரரிதான். மானாம்பதியில் எத்திராஜ் என்ற விவசாயி, ஏரிப் பாசனத்தில் இருந்த தன் நஞ்சையில் ஒரு துண்டை எங்கள் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார். அதைப் பதினாறு பாத்திகளாகப் பிரித்து வரப்புப் போட்டோம். சிலவற்றுக்கு அமோனியம் சல்பேட், சிலவற்றுக்கு மாட்டெரு, சிலவற்றுக்கு இரண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நான்கு பாத்திகளுக்கு மட்டும் ஒன்றுமே கிடையாது. உரம் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியவேண்டுமானால், உரமே போடாத இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் அல்லவா, அதற்காக.

எங்கள் அதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டார். கணக்கு ஒழுங்காக வந்தால் திட்டம் நீடிக்கும், என் வேலையும் நிரந்தரமாகும். சொதப்பினால் இரண்டும் சேர்ந்து போகும். இதற்கிடையே திருப்புட்குழியில் எனக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமாகாமல் பெண்ணைத் தருவதில்லை என்று அவள் தகப்பனார் கறாராகச் சொல்லியிருந்தார். ஆக, அந்தப் பதினாறு பாத்திகளில்தான் என் கல்யாணமும் நடப்பட்டிருந்தது. ஏரி வற்றிவிடுமோ, எலி வந்துவிடுமோ, புகையான் பூச்சி விழுமோ என்று எதைப் பார்த்தாலும் எனக்குப் பயம். பயப்படவேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படத் தெரியவில்லை.

வெயிலில் பெய்த மழை

வயல் மூலையில் ஒரு மழைமானி நட்டிருந்தோம். மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில், அவ்வளவுதான். தினமும் காலையில் எவ்வளவு மழை என்று பார்த்துக் குறித்து அனுப்பவேண்டும். ஒரு வாரமாக வானத்தில் துளி மேகம் கிடையாது. அன்றைக்குப் போய்த் திறந்து பார்த்தால் பாட்டில் நிரம்பி வழிகிறது. குறித்தால் பொய், குறிக்காவிட்டாலும் பொய். வயிற்றெரிச்சல்காரன் எவனோ என்னை மாட்டிவிடப் பார்க்கிறான் என்றே முடிவு கட்டினேன்.

வரப்பில் வந்துகொண்டிருந்த எத்திராஜின் மனைவி ராஜம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே சொன்னாள்: "வெள்ளாம வெக்கிற எடத்துல வெறும் பாத்திரம் வாயத் தொறந்துக்கினு கீது. பாக்கவே நல்லா இல்ல சார். அதான் ஒரு சொம்பு ஊத்தி வெச்சேன்."

மண்ணுக்குக் காய்ச்சல்

மண்ணின் சூட்டை அளக்க எங்களிடம் ஒரு நீளமான தெர்மாமீட்டர் உண்டு. அதை நிலத்தில் செருகிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடவுக் கோஷ்டியின் தலைவி அந்தோணியம்மா, பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். குழந்தைக்கு இரண்டு நாளாக ஜுரமாம், நெஞ்சு விசில் அடிக்கிறது. அந்தக் கருவியைக் குழந்தைக்கும் வைத்துப் பார்க்கச் சொன்னாள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லச் சொல்ல அவள் நகருவதாக இல்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். தெர்மாமீட்டரே தேவைப்படவில்லை, அப்படிக் கொதித்தது.

எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது. எத்திராஜைக் கூப்பிட்டு வண்டி கட்டச் சொல்லி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். அன்று முழுக்க எந்தப் பாத்தியில் என்ன பார்த்தேன் என்றே தெரியவில்லை. நல்லவேளையாகக் குழந்தை பிழைத்துக்கொண்டது. மறுவாரம் வயிற்றுவலிக்காரர் ஒருவரும் மூட்டுவலிக்காரர் ஒருவரும் வரப்பில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன். பார்த்துக்கொண்டிருந்த அந்தோணியம்மா கேட்டாள்: "மண்ணுக்கு ஜொரம்னா குனிஞ்சி குனிஞ்சி பாக்கிறீங்க, மனுசங்கன்னா மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போன்னு தொரத்துறீங்களே சார்?"

திருப்புட்குழிக்காரர் வந்தார்

திருமுக்கூடல் பெருமாளைச் சேவிக்க வந்த சாக்கில் பெண்ணின் தகப்பனார் வயலையும் பார்க்க வந்துவிட்டார். அவரும் பயிர் வைக்கிறவர். எந்தப் பாத்திக்கு என்ன போட்டிருக்கிறோம் என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே போனேன். மனுஷன் தூரைப் பிரித்துப் பார்ப்பதும், தாளைத் தடவிப் பார்ப்பதுமாக வந்தார். அதுவரை என்னைத் தவறிப்போய்க்கூட "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதில்லை. அந்த விஷயத்தில் மிகவும் எச்சரிக்கையானவர்.

உரம் போடாத பாத்தி ஒன்றின் ஓரத்தில் வந்து நின்றுவிட்டார். பயிர் கருகருவென்று நின்றது. எனக்கும் சில நாளாகவே அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஏரி வண்டல் வந்து படிந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அவரிடமும் அதையே சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "போட்டத வுட போடாதது நல்லா கீதே. அப்புறம் உங்க உத்தியோகம் எதுக்கு தம்பி?"

பந்தி

சம்பா அறுவடைக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். ஒவ்வொரு பாத்தியையும் தனித்தனியாக அறுத்து, தனித்தனியாக அடித்து, தூற்றி எடை போட்டோம். பட்டினி போட்ட நான்கு பாத்திகள்தான் எடையில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டன. அதிகாரி தராசைச் சரிபார்த்தார், மறுபடி எடை போட்டார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் எத்திராஜைப் பார்த்தேன். எத்திராஜின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அதிகாரி தன்மையாகத்தான் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நடவுக்கு முன்னால் விதைப்பண்ணை வேலையாக நான் வெளியூர் போயிருந்தபோது எத்திராஜ் தன் ஆடுகளை அந்த நான்கு பாத்திகளிலும் எருவுக்காக ராத்திரியில் மடக்கியிருக்கிறார். அது தெரியாமல் ராஜம்மா, அடுப்புச் சாம்பலும் சாணியுமாகக் கூடையில் கொண்டுவந்து தூவியிருக்கிறாள். அந்த இரண்டும் தெரியாமல் அந்தோணியம்மாவின் ஆட்கள் நடவன்றைக்குப் புங்கந்தழையை ஒடித்துப் போட்டு மிதித்திருக்கிறார்கள். நாம் ஒருத்தர்தான் போட்டோம், கொஞ்சம்தான் போட்டோம் என்பது ஒவ்வொருவரின் எண்ணம். யாருக்கும் என்னைக் கெடுக்கும் நோக்கம் துளிக்கூட இல்லை. அதுதான் என்னை இன்னும் கலங்கடித்தது. கோபித்துக்கொள்ளக்கூட ஆள் கிடைக்கவில்லை.

அதிகாரி, "இன்னும் ஒரு போகம் பார்ப்போம், அதுவும் இப்படி வந்தால் மூடிவிடலாம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். எத்திராஜ் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "பதினாறு பேர பந்தியில ஒக்கார வெச்சிட்டு, பன்னண்டு பேருக்கு சோறு போட்டு நாலு பேருக்கு வெறும் எலைய காட்டினா நான் இன்னா சார் பண்ணுவேன்? என் நெலம் சார் அது."

எலக்ட்ரான்

உத்திரமேரூரில் என் அறையில் கூட இருந்தவர் உயர்நிலைப் பள்ளி பௌதிக வாத்தியார். அணுவைப் பற்றிய கணக்குகள் என்றால் அவருக்கு உயிர். கையில் கிடைக்கிற காகிதத்தில் எல்லாம் போட்டுக்கொண்டே இருப்பார். எந்தச் சோதனையும் செய்யமாட்டார், வெறும் கணக்குத்தான். அன்று நான் சாப்பிடாமல் படுத்துவிட்டதைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். வேலையும் போய்க் கல்யாணமும் போகப் போகிறது என்று புலம்பித் தீர்த்தேன்.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். ஏதோ வழி சொல்லப் போகிறார் என்று நானும் எழுந்து உட்கார்ந்தேன். கடைசியில் சொன்னார்: "நீங்க பேசாம எங்க பக்கம் வந்திருக்கலாம் சார். எலக்ட்ரான் பட்டினி கிடக்குதேன்னு எந்த அம்மாவும் கூடையைத் தூக்கிக்கிட்டு வரமாட்டாங்க."

விரதம்

அடுத்து வந்த நவரைப் போகம் தொடங்குவதற்கு முன் எல்லோரையும் வரப்பில் கூட்டி வைத்து, ஆராய்ச்சி என்றால் என்ன, ஒப்பிடுவது என்றால் என்ன என்று தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். போன தடவையும் இப்படித்தான் ஆட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. இந்த நான்கு பாத்தியும் பசியோடு இருந்தால்தான் என் வயிறு நிறையும் என்று வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன்.

ராஜம்மா, "இன்னா சார், அப்ப இந்த நாலும் ஒரு நல்ல காரியத்துக்காவ விரதம் இருக்குதுங்களா? அத மொதல்லயே சொல்ல வேண்டிதுதானே" என்றாள். அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எல்லாருடைய முகமும் மாறிவிட்டதைப் பார்த்து மூடிக்கொண்டேன். அன்றைக்கே அந்த நான்கு பாத்திகளின் மூலைகளில் குச்சி நட்டு மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். அதன்பிறகு ஒரு பிடி சாம்பல் உள்ளே விழவில்லை. ஒருமுறை ஆடு ஒன்று அந்தப் பக்கம் திரும்பியதற்கு எத்திராஜ் சோற்றுக் கையோடு ஓடிவந்து விரட்டினார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் விடிந்ததும் போய், எரு வாசனை அடிக்கிறதா என்று குனிந்து மோந்து பார்ப்பேன். பயிர் வெளுத்து, சோனியாக, தூர் கட்டாமல் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம், அவர்களுக்குத் துக்கம். பொறுத்துக்கொண்டார்கள். அறுத்து எடை போட்டதில் பாடப்புத்தகம் போலக் கணக்கு வந்தது. அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கதிர்க்கட்டை இறக்கி வைத்த அந்தோணியம்மா அந்தப் பாத்திகளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "எங்களுக்கு ஒருசந்தின்னா ஈஸ்டரோட முடிஞ்சிடும் சார். இதுங்க பாவம், அறுக்கிற வரைக்கும் தாங்கிச்சிங்களே."

விரதம் முடிந்தது

அதிகாரி என்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு எழுதினார். கூடவே ஒரு உத்தரவும் போட்டார். மூன்றாவது போகமும் அதே பாத்திகளில்தான் நடவு. போட்ட உரம் மண்ணில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்கவேண்டும், ஆகவே அந்த நான்கிலும் அதுவரை ஒரு துரும்பு விழக்கூடாது. சிபாரிசு என்ற சொல் காதில் விழுந்ததுமே திருப்புட்குழிக்காரர் என்னை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டு முகூர்த்தம் வைத்துவிட்டார். லீவு போட்டுவிட்டுப் போய்த் தாலி கட்டினேன். இந்த ஒரு வருஷத்தில் நான் பயமில்லாமல் இருந்தது அந்தச் சில நாள்தான்.

எத்திராஜ் வீட்டில் எங்களுக்கு விருந்து. அதற்கு முன்னால் வயலைக் காட்டுகிறேன் என்று மனைவியை வரப்பில் கூட்டிப்போனேன். மூலைகளில் கட்டிய மஞ்சள் துணி ஒன்றையும் காணோம். நான்கு பாத்திகளிலும் வண்டி வண்டியாக எருவைக் கொட்டி நிரவியிருந்தார்கள். வரப்பில் தேங்காய் உடைத்த மூடியும் கற்பூரக் கறையும். சிபாரிசு இன்னும் மேலிடத்தில் கையெழுத்தாகவில்லை. பக்கத்தில் நிற்கிறவளோ கழுத்து மஞ்சள் காயாதவள். அவளிடம் என்ன சொல்வது, அவள் அப்பாவிடம் என்ன சொல்வது?

பின்னாலேயே ஆரத்தித் தட்டோடு வந்துவிட்ட ராஜம்மா, நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலரச் சொன்னாள்: "உங்களுக்காவதான சார் விரதம் இருந்திச்சிங்க, உங்க கண்ணாலமும் ஆயிடிச்சி. விரதம் முடிச்சதுங்களுக்கு வயிறாரப் போடாம வுடலாமா? நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்க வேணாமா?"

அதிகாரி வந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றி ரொம்ப நேரம் விசிறிக்கொண்டார், வேறு துண்டில் முதலிலிருந்து ஆரம்பிக்க இந்த ஊர்க்காரர்களைச் சமாளிக்கத் தெரிந்த ஆள் நிரந்தரமாகவே வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். ஆக, அந்த நான்கு பாத்திகள் அன்றைக்குச் சாப்பிட்ட எருவில்தான் நான் பென்ஷன் வரைக்கும் சோறு சாப்பிட்டேன்.