நெருக்கம்: மூன்று

காக்கநாட்டு அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தாவூது முதலில் சொல்லித்தருவது இதைத்தான்: சர்வரிலிருந்து வலைப்பக்கத்துக்குத் தேவையானதை மட்டும் அனுப்பு, ஜாவாஸ்கிரிப்டில் போய் விழுந்தது தெருவில் விழுந்த மாதிரி, யாரும் எடுத்துப் பார்க்கலாம். பாடம் நடத்துகிறவர் அதன்படி நடக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

மட்டாஞ்சேரியில் தங்கை சுல்ஃபத்தின் நிக்காஹுக்கு அவனே அழைப்புத் தளம் செய்தான். ஆளுக்கொரு லிங்க், திறந்தால் பெயர் சொல்லி வரவேற்கும். நிக்காஹ் எல்லாருக்கும். முந்தின நாள் வீட்டில் நடக்கும் மருதாணி விருந்து நெருங்கியவர்களுக்கு மட்டும். யார் நெருக்கம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவேண்டுமே? ஒவ்வொருவருக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டான். நாலுக்குக் குறைந்தவர்களின் பக்கத்தில் மருதாணி விருந்து தெரியாது. வீடு சின்னது என்பது அவன் நியாயம். மதிப்பெண் உட்பட விருந்தாளியின் விவரம் மொத்தத்தையும் ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்து, மறைக்கிற வேலையையும் அதனிடமே விட்டான். கல்யாண அழைப்பை யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?

தாய்மாமன் முகமது இஸ்மாயிலின் மகள் ஜஸ்னா பார்த்தாள். அவளும் அதே படிப்பு. மச்சான் எப்படிச் செய்திருக்கிறார் என்று கற்றுக்கொள்ளத்தான் அத்தாவுக்கு வந்த பக்கத்தின் நிரலுக்குள் போனாள். அவர் பெயருக்குக் கீழே ‘நெருக்கம்: 3’ என்று இருந்தது.

விஷயம் காதுக்கு வந்த மறுநாள் தாவூது மாமாவின் மிளகுக் கடைக்குப் போனான். எண் வெளியே தெரிந்த தவறை அதற்குள் திருத்திவிட்டிருந்தான். திருத்துவது எளிதாக இருந்ததே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மாமா கோபப்படவில்லை. ஸ்டூல் போட்டுச் சாயா வரவழைத்தார். அது ப்ரோகிராமுக்கான எண், உறவுக்கானது இல்லை என்று இவன் நீட்டி விளக்கியதை முழுக்கக் கேட்டார்.

“அதொண்ணும் எனக்குத் தெரியாது மோனே. அஞ்சு யாருக்குப் போட்டே?”

கல்லாவின் பின்னால் ஜஸ்னா தலை நிமிராமல் நின்றாள். பொய் சொல்ல வழியில்லை.

“ஆபீஸ் மேனேஜருக்கு, மாமா. ராமபத்ரன் சாருக்கு.”

“வருவாரா?”

“தெரியல.”

“வரட்டும். நாங்க நெரிச்சுக்கிட்டு நிக்க வேண்டாம்ல” என்றவர், ஒரு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். சாயா ஆறியது. அதைக் குடிக்கவும் முடியவில்லை, வைத்துவிட்டு எழவும் முடியவில்லை.

மருதாணிக்கு மேனேஜர் வரவில்லை. கடையில் வேலை என்று அம்மாவிடம் சொல்லி மாமாவும் வரவில்லை. நிக்காஹுக்கு வந்தார், அழைத்த அளவுக்கு. பந்தியில் சாப்பிட்டார், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வாழ்த்தினார், கிளம்பிவிட்டார். குடும்பப் படத்துக்கு நிற்கும்போது, எதுவும் தெரியாத அம்மா, “அண்ணனைக் காணலையே?” என்று கூட்டத்தைத் துழாவினாள்.

தாவூது கேமராக்காரரிடம், எல்லாரும் வந்தாச்சு, எடுக்கலாம் என்றான்.