சொறிக்கு வேறு பேர்

"சிஸ்டர், இதுக்கு சொறின்னு இல்லாம வேற பேரு எதுனா இருக்குதா?"

செவிலிமேட்டில் நான் உதவியாளராக இருந்த நாய் கிளினிக்கில் ஏழுமலை அண்ணன் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பட்டு நெய்கிறவர். கையில் ஜிம்மி, ஒரு வயதுகூட நிரம்பாத நாட்டு நாய். முகத்திலும் முன்னங்கால்களிலும் முடி கொட்டி, தோல் கறுத்துத் தடித்திருந்தது.

ஸ்கின் ஸ்க்ரேப்பிங் எடுப்பது என் வேலை. தோலை அழுத்திப் பிடித்து, லேசாக ரத்தம் கசியும்வரை பிளேடால் சுரண்டி, ஸ்லைடில் எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பார்த்தேன். நீள உடம்பும் குட்டைக் கால்களுமாக டெமோடெக்ஸ் பூச்சிகள். டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு அதேதான் என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் சொறி என்று சொல்வது ஒரே நோய் இல்லை. ஸ்கேபீஸ் ஒட்டுவாரொட்டி. நாய்க்கு நாய் தாவும், தூக்குகிறவர் கையையும் விடாது. டெமோடெக்ஸ் அப்படியல்ல. பால் குடிக்கிற நாளில் தாயின் தோலிலிருந்து குட்டிக்கு வந்து, மயிர்க்கால்களுக்குள் சும்மா கிடக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தால்தான் பெருகும். இளம் வயது, சத்துக்குறைவு, வயிற்றுப் புழு, ஸ்டீராய்டு எல்லாம் அதற்கு வழிவிடும். மெடிக்கல் ஷாப்பில் அரிப்புக்கென்று ஜிம்மிக்குக் கொடுத்திருந்த மாத்திரை ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கி நோயை வளர்த்துவிட்டது. கொடுத்த மகராசன் எதிரில் இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

"பொண்ணு கைக்குழந்தையோட வந்துகீறா சிஸ்டர். சொறி நாய் இருக்குற வூட்ல புள்ளைய வுட மாட்டேன்றாரு மாப்ள. எனக்கு ரெண்டும் வேணும்."

"டெமோடெக்ஸ்னு சொல்லுங்கண்ணா. மனுசங்களுக்கு ஒட்டாது."

"டெக்ஸா? துணிக்கடை போர்டு மாதிரி இருக்குது."

அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

மருந்து கேட்டது. அடுத்த முறை வந்தபோது ஜிம்மியின் முகத்தில் பூனைமுடி முளைத்திருந்தது. அண்ணன் முகம்தான் சரியில்லை.

"மாப்ள என்ன சொல்றாரு?"

"பேர மாத்தினா சொறி பூடுமான்னு கேக்குறாரு."

இப்போதெல்லாம் நாயைத் தூக்கி வருகிறவரிடம் மட்டும் நான் பேசி அனுப்புவதில்லை. வீட்டில் யாருக்குப் பயமோ அவரையும் வரச்சொல்லி, பூச்சியை அவர் கண்ணாலேயே பார்க்க வைக்கிறேன். நீங்களும் அதைச் செய்யுங்கள்.

அதன்பின் ஏழுமலை அண்ணன் வரவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து கிளினிக் திறந்த அன்று வாசலில் நின்றார். தோளில் கிழிந்த லுங்கியில் சுற்றிய ஜிம்மி.

"பட்டு குடுக்கப் போயிருந்தேன் சிஸ்டர். அந்த நேரத்துல மாப்ள லோடு வண்டில ஏத்திக்கினு போயி தென்னேரிப் பக்கம் வுட்டுட்டாரு."

தறியை நிறுத்திவிட்டு மூன்று வாரமாக ஏரிக்கரை முழுக்கத் தேடியிருக்கிறார். கறிக்கடைக் கழிவு கொட்டுகிற இடத்தில், தெருநாய்களின் நடுவில் கிடைத்திருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாமல், தெரிந்தவரின் காலித் தறிக்கூடத்தில் அதை வைத்துக்கொண்டு, கிளினிக் திறக்கும்வரை பக்கத்திலேயே படுத்திருக்கிறார்.

காது ஓரமெல்லாம் பொருக்கு. சொறிந்து சொறிந்து தோல் கிழிந்து சீழ் பிடித்திருந்தது. ஸ்க்ரேப்பிங் எடுத்தேன். இம்முறை உருண்டைப் பூச்சிகள். தெருநாய்களிடமிருந்து வந்த ஸ்கேபீஸ். எது இல்லை என்று அத்தனை முறை சொன்னோமோ, அதையே, துரத்திவிட்ட இடத்தில் ஜிம்மி வாங்கி வந்திருந்தது.

ஏற்கெனவே இளைத்த உடம்பு, நெருப்பாய்க் காய்ச்சல் வேறு. டாக்டரம்மா டிரிப் ஏற்றினார். பாட்டில் பாதி இறங்குவதற்குள் ஜிம்மி போய்விட்டது. அண்ணன் அதன் தலையின்கீழ் இருந்த கையை எடுக்கவேயில்லை. நான்தான் மெல்ல எடுத்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், முழங்கைவரை சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள்.

"அண்ணா, இது ஒட்டுற வகை. தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் பேரப்புள்ளையத் தூக்காதீங்க."

தலையாட்டினார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தைரியம் சொல்ல நினைத்து, "பயப்படாதீங்க. நாய்ப்பூச்சி மனுசத் தோல்ல ரொம்ப நாள் தங்காது. தானா போயிடும்" என்றேன்.

அந்தத் தடிப்புகளை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"இதுவும் பூடுமா சிஸ்டர்?"