ஒரு சிட்டிகைப் புற்றுமண்

எனக்கு ஏழு வயதில் நடந்தது இது. பிறவியிலேயே பித்தக் குழாய் ஒரு பை போல வீங்கியிருந்ததால் அடிக்கடி வயிறு வலிக்கும், கண் மஞ்சளாகும். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் நான்கு சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்தே அந்தப் பையை எடுத்துவிடலாம் என்றார்கள். கேமரா என்றதும் தலை சீவிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டேன். அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அவள் சங்கரன்கோவிலிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் தேள் கடித்தாலும் தேமல் வந்தாலும் முதல் மருந்து கோயில் புற்றுமண்தான். ஆபரேஷன் அன்று காலை என் நாக்கில் ஒரு சிட்டிகை வைத்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை மண் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, ஏதாவது சாப்பிட்டாயா என்று என்னிடம் கேட்டார். பொய் சொல்லாத பிள்ளை என்று வாங்கியிருந்த பெயரைக் காப்பாற்றினேன்.

“மண்ணு தின்னேன்.”

ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. “உனக்குக் கூறு இருக்கா?” என்று அப்பா அம்மாவை வராந்தாவில் வைத்து ஏசினார். டாக்டரம்மா ஏசவில்லை. மயக்கத்தில் வயிற்றில் கிடப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் பிள்ளை உயிருக்கே ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

எனக்கோ கொண்டாட்டம். அன்று முழுக்க அம்மா என்னை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. ஏழு வயதுக் கழுதையைச் சுமந்துகொண்டு ஜன்னல் ஜன்னலாக நின்றாள். வெளியே வெயிலில் வேப்பமரம் அசைந்துகொண்டிருந்தது. அவள் தோளில் கண் செருகிச் செருகி விழிக்கும்போதெல்லாம் அதே மரம், அதே பகல். முடியவே முடியாது போலிருந்தது.

மறுநாள் காலை நானே நாக்கை நீட்டினேன்.

“இன்னைக்கு வேண்டாம் மக்கா.”

“கொஞ்சூண்டு தாம்மா.”

“வேண்டாம்னு சொல்லுதேன்லா.”

மண் பொட்டலம் அவள் கைக்குள்தான் இருந்தது. முறைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ட்ராலியில் போனேன். மேலே விளக்குகள் மெதுவாகச் சுற்றின. கை கால்கள் யாருடையவோ போல மிதந்தன. விழித்தபோது வயிற்றில் நான்கு சின்னப் பிளாஸ்திரி, பக்கத்தில் அம்மா. அப்போதும் கோபம் தீராமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பரீட்சைக்குக்கூட நெற்றியில் அந்த மண்ணை இடாமல் என்னை அனுப்பாதவள் அம்மா. அன்றைக்கு நெற்றியில் வைக்கவும் பயந்து, சாமி துணைகூட இல்லாமல் பிள்ளையைத் தனியே உள்ளே அனுப்பிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, ஐந்து மணி நேரம் அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். எனக்கோ, முந்தின நாள் காட்டிக்கொடுத்ததற்காக அவளுக்கு என்மேல் கோபம், அதனால்தான் மண் தரவில்லை என்றுதான் அப்போது தோன்றியது.