மூடிக்கிடந்த முனை

ஐலா ரின்டலா ஒரு குடலை விரித்துக் கார்க் பலகையில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். கனடாவின் தண்டர் பே நகர மருத்துவமனையின் திசு ஆய்வுக்கூடத்தில் அவளுடைய காலைப்பொழுது அப்படித்தான் விடியும். நீளவாக்கில் வெட்டி, இழுத்துக் குத்தி, திசு கெடாமல் காக்கும் பார்மலினில் கவிழ்க்க வேண்டும். மருந்து இறங்காத இடத்தில் குடல் தன் சாற்றாலேயே தன்னைக் கரைத்துக்கொள்ளும். மரம்வெட்டியின் மகள் ஐலா. கருவி என்றால் உயிர். அவளுடைய கத்தரியை யாராவது தொட்டால் அன்றைக்குக் காபி கிடையாது.

"ஐலா! அதை அப்படியே போட்டுட்டு வா!" நோய்க்கூற்று மருத்துவர் லோர்னா குசிக் கத்தினார்.

இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பின் மறுபக்கத்தில் ஐலா கண்ணை வைத்தாள். ஹார்ட்விக் என்ற லாரி ஓட்டுநரின் குடல். ரத்தக் குழாய் அடைத்து அழுகிய பகுதியை முந்தாநாள் அறுத்தெடுத்து, மீதியை இணைத்திருந்தார் அறுவை மருத்துவர் பிரானிகன். இது அறுத்த இடத்தின் முனை. வெளிறிக் கிடந்தது, ஒரு செல்லிலும் உட்கரு இல்லை.

"முனையே செத்திருக்கு. அந்த ஆளுக்கு நேத்திலேருந்து காய்ச்சல் வேற. வயித்துக்குள்ள விட்டு வச்ச மீதியும் செத்திருந்தா இன்னிக்கே மறுபடி திறக்கணும். பிரானிகன் ஆபரேஷன் தியேட்டரைப் பிடிச்சு வச்சுட்டு என் பதிலுக்கு நிக்கறான்."

ஐலாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"டாக்டர், அந்த முனையில தையலுக்குப் பதிலா அடிச்ச உலோக ஸ்டேபிள் வரிசை இருந்துச்சு. வெட்டினா கத்தரி வாய் போயிடும்னு ஒரு விரல் அகலம் அப்படியே விட்டுட்டேன். உள்ள மருந்தே போயிருக்காது."

"ஒரு கத்தரிக்காகவா?"

"நல்ல கத்தரி, டாக்டர்."

"அப்போ இது செத்தது அவர் வயித்திலயா, உன் சாடியிலயா?"

தப்பு தன்னுடையதாகவே இருந்துவிடட்டும் என்று ஐலா வேண்டிக்கொண்டாள்.

லோர்னா குடலின் நடுப்பகுதியைக் காட்டினார். "இது நிஜமாவே ரத்தம் கிடைக்காம செத்தது. பாரு, வெள்ளணுக்கள் எப்படி மொய்க்குதுன்னு! உயிருள்ள உடம்புக்குள்ள சாவு விழுந்தா ஊரே ஓடி வரும். முனையில ஒருத்தனும் வரலையே!"

"வர்றதுக்கு நேரம் பத்தாமயும் இருந்திருக்கலாமே?"

"அதான் எனக்கும் பயம். அந்த முனையைப் பதிச்சு வச்ச அதே மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமா வெட்டு. ஓடு!"

ஐலா ஓடினாள். மெழுகு நாடாவாகச் சுருள, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி, சாயம் ஏற்றிக்கொண்டு வருவதற்குள் பிரானிகனே வந்து நின்றிருந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் ஸ்வெட்டர் பின்றீங்களா? அங்க மயக்க மருந்துக்காரன் என்னைத் திட்டறான்!"

"வாயை மூடுடா," என்று லோர்னா கண்ணாடியை நகர்த்தினார். மருந்து எட்டியிருந்த ஓரம் வந்தது. நீல உட்கருக்களோடு செல்கள் வரிசை கட்டி நின்றன. அடியில் ஒரே ஒரு செல் மட்டும் சுருங்கி, கருமணிகளாக உதிர்ந்திருந்தது.

"கிடைச்சிடுச்சு!" லோர்னா மேசையைத் தட்டினார். "தன் காலம் முடிஞ்சதும் தானே சுருங்கிப் போறது இது. சத்தமில்ல, வீக்கமில்ல. பக்கத்து செல் அதை முழுங்குது பாரு! உயிரோட இருக்கற குடல்லதான் இப்படி ஒழுங்கா சாவாங்க!"

பிரானிகன் குனிந்து பார்த்தார். "செத்ததைக் காட்டி உயிரோட இருக்குன்னு சொல்ற ஒரே டாக்டர் நீதான்."

"சுத்தி நிக்கறதையும் பாருடா. முனை நல்ல முனை. வயித்தைத் திறக்காத. நெஞ்சைப் படம் எடு, காய்ச்சல் அங்கேருந்து வருதான்னு பாரு."

பிரானிகன் சந்தோஷத்தில் கூவினார்; ஐலாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்; மறுகையால் தியேட்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர் பிரானிகன், முனையை மூடி வச்சது நான்தான்," என்றாள் ஐலா. "அந்த மனுஷன் காலையிலேருந்து பயந்துட்டுக் கிடக்கறார். நான் மேல வந்து அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"கேன்சல் பண்ணு! ஆமா, கேன்சல்!" என்று போனில் கத்தியபடியே, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் போய்விட்டார்.